கடைசியாக எப்போது பேசினார்?

சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு முதல் மாடி வீட்டில் குடியிருந்த அம்பிக்கும் ஜானுவுக்கும் அன்றோடு பதினோரு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. முப்பத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் இது புதிதொன்றும் அல்ல. மூன்று நாள், நாலு நாள் என்று முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் பாயசம் வைத்தோ அசடு வழிந்தோ சமாதானம் ஆகிவிடுவது வழக்கம். இந்தத் தடவைதான் இரண்டு பேரும் பிடித்த பிடியில் நின்றுவிட்டார்கள்.

நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், ஜானு பக்கம்தான் கை தூக்குவேன். தேனாம்பேட்டையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிடையரான அம்பிக்கு நாலு பேர் கூடிவிட்டால் வாய் சும்மா இருக்காது. அவரிடம் கைவசம் பத்துப் பன்னிரண்டு கதைகள் உண்டு. அதில் பட்டுச் சரிகை போட்ட கதை, ஜானு பஸ் மாறி ஏறிய கதை.

நடந்தது இவ்வளவுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டி பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டு வந்த ஜானு, பனகல் பார்க் ஸ்டாப்பில் ஏதோ யோசனையில் வேறு நம்பர் பஸ்ஸில் ஏறி, சீட் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கி, ஈக்காட்டுத்தாங்கலில் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்டாள். அங்கே ஒரு லேத் பட்டறை வாசலில் நின்றவனிடம் மயிலாப்பூருக்கு எப்படிப் போவது என்று வழி கேட்டாள். அம்பி சொல்லும்போது அது, "ஏம்ப்பா, கபாலி கோயில் தெற்கு வாசல் இதானே?" என்று ஆகிவிடும். பட்டறைக்காரன் லேத்தை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். "இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல்ல கணக்குச் சொல்லிக் குடுத்தவள் ஸார், பஸ் நம்பரைப் படிக்கத் தெரியலை" என்று முடிப்பார். கூட்டம் சிரிக்கும்.

பதினோரு நாளைக்கு முன்னால் தி. நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். சாப்பிட உட்காரும் முன்பே ஜானு சொல்லியிருந்தாள்: "இன்னிக்கு என் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாரும் வரா. அந்த பஸ் கதை மட்டும் வேண்டாம்." அம்பி தலையை ஆட்டினார். ரசத்துக்கு வருவதற்குள் சொல்லிவிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் ஜானு சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று. "உங்க வாய் ஒரு நாளைக்காவது மூடிண்டிருக்கப்படாதா?"

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நடுவே வேலைக்கு வரும் தேவானைதான். "தேவானை, மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு." "தேவானை, மோர்ல உப்பு இல்லைன்னு சொல்லு." மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டே இப்படி. "இன்னா மாமி இது, எதிரெதிர்க்கக் குந்திக்கினு! நான் இன்னா தந்தி ஆபீசா?" என்று தேவானை தலையில் அடித்துக்கொள்வாள். அவள் போன பிறகு டம்ளர் வைக்கும் சத்தம்தான் பேச்சு. காபி டம்ளரை மெதுவாக வைத்தால் கோபம் குறைந்திருக்கிறது. ணங்கென்று வைத்தால் இன்னும் இருக்கிறது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மாசி மாதத்து வியாழக்கிழமை. ஜானு குளித்துவிட்டுப் பூஜை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வாக்கிங் போன மனுஷர் வந்தாயிற்று. ஏழு மணிக்கே வந்துவிடுகிறவர் பத்து நாளாக ஏழரைக்குத்தான் வருகிறார். ஏன் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது காபியைக் கொண்டுபோய் அவர் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் ணங்கென்று வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பேப்பருக்குப் பின்னால் முகம் இருந்தது. பார்ப்பதாக உத்தேசமும் இல்லை. எட்டேகாலுக்குத் திரும்பி வந்தால் டம்ளர் அப்படியே இருக்கிறது, மேலே ஆடை படிந்து.

"ஆறிப்போன காபியை ரெண்டாம் தரம் சுட வெக்கறதுக்கு இங்க யாரும் காத்திண்டிருக்கலை," என்று சுவரிடம் சொன்னாள். பதில் இல்லை. எவ்வளவு வீம்பு பார், என்று நினைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இதை ஜானு பிறகு எத்தனை தடவை நினைத்து நினைத்து அழுதாள் என்று கணக்கில்லை.

ஐந்து நிமிஷம் கழித்துத் துடைப்பத்தோடு கூடத்துக்குப் போன தேவானை போட்ட கூச்சல் கீழ் வீட்டுக்குக் கேட்டது. "மாமி! ஓடியா மாமி! மாமாவுக்கு வாய் ஒரு பக்கமா இஸ்துக்கினு கீது!"

பேப்பர் தரையில் கிடந்தது. அம்பியின் வலது கை நாற்காலிக்கு வெளியே துவண்டு தொங்கியது. வாய் இடது பக்கமாக இழுபட்டு, எச்சில் வழிந்து சட்டை நனைந்திருந்தது. கண் மட்டும் முழுசாகத் திறந்து ஜானுவையே பார்த்தது.

"ஏன்னா!"

பதினோரு நாள் விரதம் அந்த ஒரு வார்த்தையில் முறிந்தது. அம்பியின் தொண்டையிலிருந்து "ழ… ழ…" என்று ஏதோ வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

கீழ் வீட்டுக்காரரும் தேவானையும் கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, கச்சேரி ரோட்டில் டாக்டர் வேம்புவின் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எட்டு நாற்பது. பத்துப் படுக்கை உள்ள சின்ன இடம். தலைமை நர்ஸ் சுந்தரவல்லி ஒரு பார்வை பார்த்தாள். அம்பியின் இரண்டு கையையும் தூக்கிவிட்டுப் பார்த்தாள். வலது கை தொப்பென்று விழுந்தது. உடனே உள்ளே திரும்பி, "சேட்டு, வண்டியை எடு! வேம்பு ஸார், பக்கவாதம்!" என்று குரல் கொடுத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் தாளை உருவினாள். ஒருவர் ரத்தம் எடுத்தார், ஒருவர் பிரஷர் பார்த்தார். ஜானு கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலைச் சுந்தரவல்லி பிடுங்கி வைத்தாள். "ஒரு சொட்டுக்கூட வாயில ஊத்தக் கூடாது மாமி, மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும். இதை மட்டும் சொல்லுங்க. கடைசியா எப்ப நல்லாப் பேசினார்?"

அந்த மஞ்சள் தாளில் முதல் வரியே அதுதான்.

ஜானு சுற்றிலும் பார்த்தாள். கீழ் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நாலைந்து நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். அதில் ஒரு அம்மாள் ஜானுவிடம் படித்த பெண்ணின் தாயார். இத்தனை பேர் நடுவில், நானும் இவரும் பேசிப் பதினோரு நாளாகிறது என்று எப்படிச் சொல்வது?

"எட்டு மணிக்கு," என்றாள். "காபி கேட்டார். நன்னாத்தான் பேசினார்."

தேவானை சட்டென்று திரும்பி மாமியைப் பார்த்தாள். சுந்தரவல்லி பெரிய எழுத்தில் '8.00' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

பத்தே நிமிஷத்தில் பழைய மட்டடார் ஆம்புலன்ஸ் வண்டி கிளம்பிவிட்டது. வீட்டைப் பூட்டுவதற்குத் தேவானை திரும்பிப் போனாள். பின்னால் அம்பி, அவர் தலைமாட்டில் சுந்தரவல்லி, கால்மாட்டில் ஜானு. முன்னால் சேட்டு ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான்.

"இங்கயே வெச்சுப் பார்க்க மாட்டேளா? எங்க அழைச்சிண்டு போறேள்?" என்று கேட்டாள் ஜானு.

"முதல்ல ஆழ்வார்பேட்டை ஸ்கேன் சென்டர், அப்புறம் அடையாறு பெரிய ஆஸ்பத்திரி. எங்க கிட்ட ஸ்கேன் கிடையாது, அவங்க கிட்ட மூளை டாக்டர் கிடையாது. அடையாறுல டாக்டர் ராகவேந்திரன் இருக்கார். மூணு இடமும் சேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணி ஆறு மாசம் ஆகுது. நான் போன் பண்ணிட்டேன். நம்ம போறப்ப ஸ்கேன் மெஷின் காலியா இருக்கும். எடுத்த ரத்தத்துக்கு வேம்பு ஸார் ரிசல்ட் பார்த்து நேரா அடையாறுக்குச் சொல்லிடுவார். எங்கயும் க்யூ கிடையாது."

"அப்ப பொழைச்சுடுவாரா?"

"உயிருக்குப் பயம் இல்லை மாமி. பேச்சும் கையும்தான். ரத்தக் கட்டி அடைச்சிருந்தா அதைக் கரைக்க ஒரு ஊசி வந்திருக்கு. ஆனா மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதான் அந்த நேரத்தைக் கேட்டேன். எட்டுன்னா பதினோரு மணி வரைக்கும் இருக்கு."

ஜானு அம்பியின் முகத்தைப் பார்த்தாள். "ஒருவேளை… நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா?"

"முன்னப் பின்னன்னா?" சுந்தரவல்லி நாடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "நேரம் தாண்டிப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிடும். ஆளே போயிடலாம். அதனால நேரம் நிச்சயமாத் தெரியலைன்னா போடவே மாட்டாங்க."

லஸ் முனையில் வண்டி நின்றுவிட்டது. பள்ளிக்கூட நேரம், ஆபீஸ் நேரம், போதாக்குறைக்கு ஒரு தண்ணீர் லாரி. சேட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ் லாரி! உள்ள பேஷண்டு கீது, ஓரம் போய்யா!" என்று கத்தினான்.

கணக்கு வாத்தியாரம்மாவின் தலை தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. ஜானு தன் காதால் அம்பியின் குரலைக் கேட்டது எப்போது? காலையில் கேட்கவில்லை. அவர் வாக்கிங் கிளம்பியபோது கதவுச் சத்தம்தான் கேட்டது. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி பார்த்துக்கொண்டு தனக்குத் தானே ஏதோ முணுமுணுத்தார். அதுதான் கடைசி. பன்னிரண்டு மணி நேரம். உண்மையைச் சொன்னால் ஊசி கிடையாது. இனிமேல் ஆயுசு முழுக்க அந்த "ழ… ழ…" தான். சொல்லாவிட்டால் ஊசி உண்டு; ஆனால் அந்த ஊசியே அவரைக் கொன்றுவிடலாம். உங்க வாய் ஒரு நாளைக்காவது மூடிண்டிருக்கப்படாதா என்று கேட்டது அவள்தானே? பகவான் அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டுவிட்டார்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, சுந்தரவல்லி பேச்சுக் கொடுத்தாள். "நீங்க நல்ல நேரத்துல வந்தீங்க மாமி. போன வருஷம்னா இந்த வண்டியே கிளம்பியிருக்காது. எங்க வேம்பு ஸாரும் ராகவேந்திரன் ஸாரும் ஒன்பது வருஷம் பேசாம இருந்தாங்க, தெரியுமா?"

"பேசாமயா? ஏன்?"

"எவனோ ஒரு பேஷண்டை யார் சரியாப் பார்க்கலைன்னு ஒரு மீட்டிங்ல சண்டை. ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க. ரெண்டு பேருக்கும் ரோஷம். இங்கேர்ந்து ஒருத்தரை அங்க அனுப்பினா இவர் போன் பண்ண மாட்டார். என்ன மருந்து குடுத்தாங்கன்னு அவர் கேட்க மாட்டார். எது வேணும்னாலும் இவர் என்னை விட்டுக் கேட்கச் சொல்லுவார். நான் அங்க இருக்கற நர்ஸைக் கேட்டு, அந்த நர்ஸ் அவரைக் கேட்டு… அதுக்குள்ள பேஷண்டுக்குக் கை போயிருக்கும். இவங்க ரெண்டு பேரும் பேசாததுக்கு எத்தனை பேர் வாய் போச்சுன்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். கடைசியில ஸ்கேன் சென்டர்காரங்கதான் ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வெச்சாங்க. இந்த மஞ்சத் தாள் அன்னைக்கு எழுதினது."

ஜானு அம்பியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்," என்றாள். "அந்த எட்டு மணி பொய்."

சுந்தரவல்லி நிமிர்ந்தாள்.

"அவர் என் கிட்ட பேசலை. நானும் அவர் கிட்ட பேசலை. பதினோரு நாளா. இன்னிக்கு அவர் யார் கிட்டயாவது பேசினாரான்னுகூட எனக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால சொல்ல வெக்கமா இருந்தது. மன்னிச்சுக்கோங்கோ. ஊசி போட முடியாதுன்னா போட வேண்டாம். தப்பான நேரத்துல போட்டு அவரைக் கொன்னுடாதீங்கோ."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். சுந்தரவல்லி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். சுந்தரவல்லிக்குக் கோபம் வராமல் இல்லை. ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தாள். பிறகு பேனாவை எடுத்து '8.00' மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

"சொன்னீங்களே, அது போதும். சேட்டு, லாரியைச் சுத்திக்கினு போ!"

"போய்க்கினேதான் கீறேன் சிஸ்டர்! புட்சிக்கோங்க!"

வண்டி ஒரு பக்கச் சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி இறக்கிப் பறந்தது.

ஆழ்வார்பேட்டை ஸ்கேன் சென்டரில் ஒன்பது பத்துக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கைசர் ஜஹான் என்று பெயர். மெஷின் அவள் பொறுப்பு. ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே போயிற்று. சுந்தரவல்லி வரவேற்பறைப் போனைப் பிடித்தாள். பக்கத்திலேயே நின்ற ஜானு, அவர் காலையில் பூங்காவுக்கு வாக்கிங் போய் வந்ததை எடுத்துக் கொடுத்தாள். அடையாறு டாக்டரின் குரல் ரிசீவருக்கு வெளியே கேட்டது.

"நேரம் தெரியலைன்னா ஊசி இல்லை சிஸ்டர். ஆனா ஸ்கேனை நிறுத்த வேண்டாம். வாக்கிங் போனவர் யார் கிட்டயாவது பேசியிருப்பார் இல்லையா? தேடுங்க. வேம்பு ஸார் கிட்ட சொல்லி அந்தப் பார்க்குக்கு ஆள் அனுப்பச் சொல்றேன்."

பேசாமல் இருக்கக்கூடிய மனுஷரா அவர்? ஜானுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் பதினோரு நாள் வாயைக் கட்டிப் போட்டால், அந்தப் பேச்செல்லாம் எங்கேயாவது போய்க் கொட்டியிருக்க வேண்டுமே. எங்கே? பூங்காவில் யார் யார்? ஒரு பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. கைசர் ஜஹான் ஒரு ட்ரேயை நீட்டினாள். "மெஷினுக்குள்ள இரும்பு எதுவும் இருக்கக் கூடாது, அதான் பாக்கெட்டைக் காலி பண்ணினேன். பத்திரமா வெச்சுக்கோங்க மாமி." மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து, மூக்குப்பொடி டப்பி, அப்புறம் சுருண்டு மடங்கிய நாலைந்து காகிதத் துண்டுகள்.

ஜானு ஒன்றைப் பிரித்தாள். வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்தில் மெஷின் துப்பும் ரசீது. தெரு முனை பூத்தின் பெயர். மேலே தேதி, அன்றைய தேதி. கூப்பிட்ட நம்பர் 080 என்று ஆரம்பித்தது. ஆரம்பித்த நேரம் 7.19. முடிந்த நேரம் 7.26.

இன்னொன்றைப் பிரித்தாள். முந்தின நாள். அதே நம்பர், அதே ஏழேகால் சுமார். மற்றொன்று. அதற்கும் முந்தின நாள்.

பெங்களூரில் இருக்கும் மகள் சாருலதாவின் நம்பர். கூடத்தில் சொந்தமாகப் போன் இருக்கிறது. அதில் பேசினால் அடுக்களையில் இருக்கும் ஜானுவுக்குக் கேட்கும் என்று, இந்த மனுஷர் பத்து நாளாகக் காலையில் பூத்தில் போய் நின்றுகொண்டு மகளிடம் பேசியிருக்கிறார். அதனால்தான் ஏழரை மணி.

"சிஸ்டர்!" என்று ஜானு கத்தினாள். "பேசியிருக்கார்! பேசியிருக்கார்!"

பெங்களூருக்குப் பேசலாம் என்றால் ஸ்கேன் சென்டர் போனில் எஸ்.டி.டி. கிடையாது. சுந்தரவல்லி நேரத்தை வீணாக்கவில்லை. மறுபடி அடையாறைக் கூப்பிட்டு நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தாள். "ஸார், நீங்களே பொண்ணு கிட்ட பேசிடுங்க. நாங்க கிளம்பறோம்." ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று கைசர் ஜஹான் ஈரம் காயாத படத்தைக் கையில் கொடுத்தாள். மணி ஒன்பதரை.

அந்த இருபத்தைந்து நிமிஷப் பயணம்தான் ஜானுவுக்குப் பெரிய சோதனை. மகள் வேலைக்குக் கிளம்பியிருப்பாளோ? போனை எடுத்தாளோ இல்லையோ? போனில் பேசினது சரி, அப்போதே நாக்குக் குழறியிருந்தால்? பூத் மெஷினில் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? கேள்விகள் வரிசையாக வந்தன, ஒன்றுக்கும் விடை இல்லை. திரு.வி.க. பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. கீழே ஆறு நாறியது. ஜானு அம்பியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பதினோரு நாள் பாக்கி. காபி ஆறினதிலிருந்து ஆரம்பித்து, மோருக்கு உப்புப் போடாதது வேண்டுமென்றுதான் என்று ஒப்புக்கொள்வது வரை எல்லாவற்றையும் சொன்னாள். அம்பி கண்ணை எடுக்காமல் கேட்டார்.

அடையாறு ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டோடு ஒல்லியாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் ராகவேந்திரன். வண்டி நிற்பதற்குள்ளேயே பின் கதவைத் திறந்துவிட்டார்.

"பொண்ணு கிடைச்சுட்டாங்க! ஏழு இருபத்தாறு வரைக்கும் தெளிவாப் பேசியிருக்கார். ஒரு வார்த்தை குழறலை. போனை வெச்ச கையோட பேத்தியை ஏழரை மணி ஸ்கூல் வேன்ல ஏத்தினாங்களாம், அதனால நேரமும் சரி. வேம்பு ஸார் ரத்த ரிசல்ட் சொல்லிட்டார், எல்லாம் நார்மல். பத்து இருபத்தாறு வரைக்கும் நமக்கு டைம் இருக்கு. வாங்க!"

மணி பத்தடிக்க ஐந்து நிமிஷம். ஸ்ட்ரெச்சர் ஓடியது. படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ஜானுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். பத்து பதினொன்றுக்கு ஊசி ஏறியது.

டாக்டர் வெளியே வந்து ஜானுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. எட்டு மணின்னே இருந்திருந்தா, பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்குன்னு நான் இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட் பார்த்துட்டு நிதானமாப் போட்டிருப்பேன். கெடு தாண்டிப் போயிருக்கும். நீங்க உண்மையைச் சொன்னது நல்லதாப் போச்சு."

ஜானு கைகூப்பினாள்.

"இன்னொண்ணு," டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது வைத்திய விஷயம் இல்லை. உங்க பொண்ணு சொல்லச் சொன்னாங்க. அப்பா காலையில போன்ல சொன்னாராம். அந்த பஸ் கதையை இனிமே யார் கிட்டயும் சொல்ல மாட்டாராம். கபாலி மேல சத்தியமாம். அம்மா கிட்ட நீதான் சொல்லி என் கிட்ட பேச வைக்கணும்னு கெஞ்சினாராம். என்ன பஸ்னு எனக்குத் தெரியலை, சொன்னதைச் சொல்லிட்டேன்."

ஜானு ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்தில் நின்ற சேட்டுகூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வுடு மாமி, மாமா தேறிடுவாரு," என்றான்.

பதினொன்றே காலுக்கு அம்பியின் வலது கை விரல் அசைந்தது. சாயங்காலம் சாருலதா பெங்களூர் ரயிலிலிருந்து நேராக வந்து நின்றபோது கையைத் தூக்கி அவள் தலையைத் தொட்டார். ஜானுவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. மீதிப் பாதி, பேச்சு. மறுநாள் "தண்ணி" என்றார், "போறும்" என்றார், "சாரு" என்றார். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. இரண்டு வார்த்தை சேர்ந்து வரவில்லை. அம்பி ஒற்றை வார்த்தையில் பேசுவதை ஜானு முப்பத்துநாலு வருஷத்தில் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை ராகவேந்திரன் வந்தார். அவரோடு இன்னொரு டாக்டர், வயசானவர், நரைத்த புருவம். "வேம்பு," என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். தன்னுடைய பேஷண்டை அடுத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பது அவருக்கும் புதுப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பின்னால் சுந்தரவல்லி.

ராகவேந்திரன் பேனாவைக் காட்டினார். "பேனா," என்றார் அம்பி. கடிகாரத்தைக் காட்டினார். கொஞ்சம் யோசித்து, "வாட்ச்."

"ரொம்ப நல்லது. இப்ப சேர்த்துச் சேர்த்துப் பேசணும். உங்களுக்குப் பிடிச்ச ஏதாவது ஒரு கதை சொல்லுங்க. நடந்த கதை."

அம்பியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை ஜானு பார்த்தாள். வாய் திறந்தது. உடனே அவர் பார்வை ஜானு பக்கம் திரும்பியது. வாயை இறுக்க மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

இரண்டு டாக்டர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வார்த்தை கோர்வையா வரலை போலிருக்கு," என்று வேம்பு மெல்லச் சொன்னார்.

"வரும் டாக்டர்," என்றாள் ஜானு. "அவருக்கு வரும். சத்தியம் பண்ணியிருக்கார், அதான் சொல்ல மாட்டேங்கறார்." கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தாள். "அந்தச் சத்தியத்தை நான் கபாலி கிட்ட சொல்லித் திருப்பிக்கறேன். பஸ் கதையைச் சொல்லுங்கோ."

அம்பி நம்பாமல் பார்த்தார்.

"சொல்லுங்கோன்னா சொல்லுங்கோ. இத்தனை பேர் காத்திண்டிருக்கா."

"பாண்டி… பஜார்," என்று ஆரம்பித்தார் அம்பி. "இவ… பை நிறைய… கத்திரிக்கா." மூச்சு வாங்கினார். "பஸ் நம்பர்… பார்க்கலை. ஏறினா. தூங்கினா." வேம்புவின் நரைத்த புருவம் மேலே போயிற்று. "எறங்கினா… எறங்கின எடம்…" அங்கே நின்றுவிட்டது. "ஈ…" என்றார். "ஈ…"

ஜானுவுக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. ராகவேந்திரன் விரலைத் தூக்கி, சொல்லாதீர்கள் என்று ஜாடை காட்டினார். சுந்தரவல்லி மஞ்சள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அம்பியின் நெற்றி வியர்த்தது.

"ஈக்… காட்டு… ஈக்காட்டுத்தாங்கல்!"

"அடடே!" என்றார் வேம்பு.

விட்டால் பிடிக்க முடியுமா? அம்பி இடது கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார். "லேத் பட்டறை. அங்க ஒருத்தன். அவன் கிட்ட போய்க் கேக்கறா… ஏம்ப்பா… கபாலி கோயில்… தெற்கு வாசல்… இதானே?"

ராகவேந்திரன் சிரித்தார். வேம்பு சிரித்தார். ஒருத்தர் சிரிப்பதைப் பார்த்து இன்னொருத்தருக்கு மேலும் சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷம் பேசாதவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். சுந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஜானு மட்டும் சிரிக்கவில்லை. தெற்கு வாசல் என்று அவள் கேட்கவே இல்லை, அது முழுப் பொய். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ," என்றாள்.